திரும்பாத கை

1971 மார்ச் 14, ஞாயிறு

தொழிற்சாலையில் இரும்புக் குழாய் விழுந்து முறிந்த கையின் மாவுக்கட்டைப் பிரித்தபின், இன்று சாயங்காலம்தான் என் வீட்டுக்காரர் மட்டையைத் தொட்டார். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் மெதுவாகத்தான் ஷட்டிலைப் போட்டேன். வலப்பக்கம் வந்ததை ஒரு மாதிரி அடித்துவிட்டார். இடப்பக்கம் போட்டது வலையைக்கூட எட்டவில்லை. அவருடைய அந்தப் புறங்கை அடிக்குத்தான் மேட்ச்சில் மீஞ்சூர்க்காரர்கள் பயப்படுவார்கள்.

"மணிக்கட்டு இன்னும் சரியா வரல," என்றார். நானும் இத்தனை நாள் அது மணிக்கட்டு வேலை என்றே நினைத்திருந்தேன்.

"முழங்கைய இடுப்போட ஒட்டி வெச்சிக்கினு உள்ளங்கைய மேல திருப்புங்க," என்று செய்து காட்டினேன். என் மணிக்கட்டு அசையவே இல்லை. முழங்கைக்குக் கீழே கை முழுவதும் திரும்பியது, புறங்கை அடியில் திரும்புவது போலவே. அவருடையது, டம்ளரைப் பிடித்த மாதிரி, பாதியிலேயே நின்றுவிட்டது.

"திருப்புங்க."

"திருப்பிக்கினுதானே இருக்கேன்! இன்னா அப்படிப் பாக்குற?"

பல்லைக் கடித்தார். பிறகு தோளைச் சாய்த்து, உடம்பையே வளைத்து, உள்ளங்கையை மேலே கொண்டுவந்தார். "பாத்தியா, வந்துடுச்சு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

சாப்பிடும்போது, "செவ்வாப்பேட்டை மேட்ச்சுக்கு நம்ம ரெண்டு பேர் பேரையும் குடுத்துடு," என்றார். சரி என்றேன்.

தூங்கிவிட்டார் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இருட்டிலிருந்து கேட்கிறார்: "நீ பாத்த இல்ல? நெஜமா திரும்புச்சு இல்ல?"

நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.