ஆணியடித்த நாள்

அப்பா,

இந்நேரம் வடக்கே நம் ஊர் கிரூனா போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது இங்கே பல்கலைக்கழகத்தில் திருவிழா மாதிரி. மூன்று வாரம் கழித்துத்தான் வாய்மொழித் தேர்வு. நேற்று நான் சுத்தியலை ஓங்கும்போது நீங்கள் வாசலில் நின்றீர்கள், ராத்திரி ரயிலில் கசங்கிய சட்டையும், கையில் கலைமான் உப்புக்கண்டப் பொட்டலமுமாக.

"யாரும்மா இவரு?" என்றார் பேராசிரியர் தூர்னி.

"ஊர்ல தெரிஞ்சவருங்க."

உங்களுக்குக் கேட்டுவிட்டது. "ஆமாங்க, பக்கத்து வீட்டுக்காரன். சும்மா டவுன் பாக்க வந்தேன்" என்று பொட்டலத்தை நீட்டினீர்கள். அந்த ஆள் மூன்று துண்டு தின்றுவிட்டு, "பிரமாதம்!" என்றார்.

காரணம் இருக்கிறது. அதுவும் நாறுகிறது. சின்ன வயதில் ஸ்வீடிஷ் பள்ளியில், கலைமான் மேய்க்கும் நம் மக்களின் மொழியைப் பேசியதற்காக உங்களை அடித்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். என் ஆய்வேடே அதை வைத்துத்தான். "பெத்த அப்பன் சொன்னதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று போன வருடம் தூர்னி இன்னொரு மாணவியைக் கிழித்ததைப் பார்த்துப் பயந்து, ஆய்வேட்டில் உங்களை வெறும் 'கலைமான் மேய்ப்பவர், ஆண், வயது 71' ஆக்கிவிட்டேன்.

இன்று காலை ஆணியைப் பிடுங்கினேன். அந்த வரியை அடித்து, உங்கள் பெயரை எழுதி, பக்கத்தில் 'என் அப்பா' என்று சேர்த்து, அதே ஓட்டையில் திரும்ப அடித்திருக்கிறேன். தூர்னி இன்னும் பார்க்கவில்லை. பட்டம் கிடைக்குமோ என்னவோ.

தேர்வுக்கு வாருங்கள். நான் யாரென்று இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள். அதுவரைக்கும்,

உங்கள் பக்கத்து வீட்டுக்காரி