கிரோஹாவ்னில் எனக்குக் கிடைத்த நாற்காலி

குரோருட், ஒஸ்லோ
19 ஒக்டோபர் 2003

அன்புள்ள யோகாம்பாளுக்கு,

இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் என் கையெழுத்தை உறையிலேயே அடையாளம் கண்டிருப்பீர். கிழித்துப் போடுவதாயின் அதற்கு முன் ஒரு கேள்வி. 1979இல் நம் கல்லூரி அதிபர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் உமது விண்ணப்பத்தை ஏன் மீளப் பெற்றீர்? இதை இப்போது கேட்பதற்கான காரணம் சற்று விசித்திரமானது. முறையாகச் சொல்கிறேன்.

நான் இப்போது தம்பி சோதிலிங்கத்தின் வீட்டில் இருக்கிறேன். முழங்காலைத் தவிர மற்ற உறுப்புகள் சொல் கேட்கின்றன. தம்பியின் மகள் சாருகா சட்டம் படிக்கிறாள். அப்படித்தான் தம்பி நம்புகிறான். உண்மையில் அவள் ஈராண்டாக ஒரு நகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் கிரோஹாவ்ன், ஆண்டு 1847, எந்த வரைபடத்திலும் இல்லாத துறைமுகம். ஆளுநர் வாரிசின்றி இறந்துவிட்டார். சுங்கவீட்டாரும் கப்பல்காரரும் நகரைக் கைப்பற்ற மோதுகிறார்கள். இங்குள்ள இளையோர் இவ்வாறான கற்பனைகளுக்குள் இரண்டு நாள் வாழ்ந்து பார்க்கிறார்கள். மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, எழுதிய வசனமும் இல்லை. ஆளுக்கொரு வேடமும் ஒரு நோக்கமும் மட்டும் உண்டு. இதற்கு 'லைவ்' என்று பெயர்.

அந்நகரைப் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதிய அறுபது பக்கங்களை ஒருநாள் என்னிடம் தந்தாள். வரலாறு கற்பித்தவளிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? பென்சிலால் திருத்தினேன். நஞ்சு, பொய்க்கடிதம், ஒற்றர் என்று எல்லாச் சூழ்ச்சிகளும் இருந்தன. ஆனால் வயதில் மூத்தவருக்கு அங்கே ஒரு துளி அதிகாரமும் எழுதப்படவில்லை. இருபது வயதினர் அதிகாரத்தை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்று அறியும் ஆவல் எனக்குத் தொற்றிக்கொண்டது. கப்பல்காரரின் தலைவியாக நடிக்கவிருந்த பெண் நோயுற்றபோது, "மாமி, நீங்கள் வாறீங்களோ? நடிக்கத் தேவையில்லை, வழமைபோல எல்லாரையும் ஏசினால் போதும்" என்று சாருகா கேட்டாள். மறுநாளே கறுப்புச் சால்வையுடன் ரொம்மனில் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபத்துக்குப் போனேன்.

எங்கள் எதிரி, சுங்கவீட்டாரின் தலைவன், பியோர்ண்டாலைச் சேர்ந்த தக்சன் என்ற பொறியியல் மாணவன். இரண்டு நாளும் நொர்வேஜிய மொழியில் என்னைக் கிழட்டுக் கழுகு என்றான். என் கற்பனைக் கப்பல்களை எரித்தான். என் கற்பனை மருமகனைச் சிறையில் அடைத்தான். என் நொர்வேஜியம் பேருந்தில் சீட்டு வாங்கப் போதுமானது. ஆகவே பெரும்பாலும் முறைத்தே பதிலளித்தேன். அவன் மிகத் திறமைசாலி.

விதி இதுதான். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு மணி அடிக்கும்போது ஆளுநரின் நாற்காலியில் எவர் அமர்ந்திருக்கிறாரோ, நகரம் அவருடையது. மூன்றே முக்காலுக்கே தக்சன் அதில் அமர்ந்துவிட்டான். சுற்றிலும் அவனது காவலர்கள். என் தரப்பினர் தோல்வியை ஏற்றுக்கொண்டு கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். இறுதிக்காட்சியைப் பார்க்கலாமென்று நான் மெல்ல நடந்து அவன் முன்னால் போய் நின்றேன். முழங்கால் வலித்ததால் சுவரைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

அவன் எழுந்து, "இருங்கோ அன்ரி" என்றான், தமிழில். நான் அதில் அமர்ந்தேன். மணி அடித்தது.

மண்டபம் அதிர்ந்தது. நெடிய நொர்வேஜியப் பையன் ஒருவன் வந்து, இவ்வளவு ஈவிரக்கமற்ற நகர்வைத் தான் எந்த விளையாட்டிலும் கண்டதில்லை என்று சொல்லி, எத்தனை நாளாகத் திட்டமிட்டேன் என்றும் கேட்டான். நான் எதையும் மறுக்கவில்லை. புன்னகைத்தேன் என்று சாருகா சொல்கிறாள்.

ஆட்டம் முடிந்தபின் இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிரிகளாக இருந்தவர்கள் முகத்துக்கு முகம் அமர்ந்து, எது வேடத்தின் செயல், எது தன் செயல் என்று ஒளிக்காமல் சொல்லவேண்டும். தக்சனிடம், மணியை மறந்துபோய் எழுந்தாயா என்று கேட்டேன். "இல்லை அன்ரி. ரெண்டு நிமிசம் கிடக்குதெண்டு தெரியும். நீங்கள் நிண்டுகொண்டிருக்க நான் எப்பிடி இருக்கிறது?" என்றான். கோபம் வரவில்லையா என்றேன். "வந்தது. ரெண்டு வருசமா நானும் சாருகாவோட நிண்டு உழைச்சனான். நீங்கள் வென்றதிலை எனக்கு ஒண்டுமில்லை. ஆனா வெட்டி விழுத்தின மாதிரிச் சிரிச்சுக்கொண்டு இருந்தீங்கள் பாருங்கோ, அதுதான்" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் இந்தத் தாளை எடுத்தேன்.

யோகாம்பாள், பெற்றோர் சங்கம் என் பக்கமும் பழைய மாணவிகள் சங்கம் உமது பக்கமும் நின்ற அந்த ஆண்டில், ஆசிரியர் அறையில் இரண்டு தேநீர்க் கேத்தல்கள் இருந்தன. உமது தகுதிகள் என்னுடையவற்றிலும் மேலானவை. அதை அன்றே அறிவேன். நீர் மூன்றாண்டு இளையவர். நான் அறைக்குள் வரும்போதெல்லாம், சண்டை உச்சத்தில் இருந்த நாட்களிலும், எழுந்து நின்றவர் நீர் ஒருவர்தான். நீர் விலகியதும் பயந்துவிட்டீர் என்று என் தரப்பினர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் அந்த அறையில் அமர்ந்து, வென்றேன் என்றே எல்லோருக்கும் சொல்லிவந்தேன்.

உமது கணவரின் சுகவீனம் காரணமாயிருக்கலாம். அந்தச் சண்டை அலுத்திருக்கலாம். அல்லது தக்சன் சொன்னதுதானோ என்னவோ. எதுவாயினும் எனக்குத் தெரியவேண்டும். எனக்கு எழுபத்தொரு வயது, ஆறுதல் எழுதவேண்டாம். கோபமிருந்தால் அதையே எழுதும், எத்தனை பக்கமானாலும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருப்பதால் தை மாதம் யாழ்ப்பாணம் வருகிறேன். உமது வீட்டுக்கு வரலாமா என்றும் ஒரு வரி எழுதும். வந்தால், நீர் இருக்கச் சொல்லும்வரை நான் நின்றுகொண்டிருப்பேன்.

நீர் நலமாயிருக்க வேண்டும்.

சிவநாயகி