ஒரு சாண் தாண்டிய பெட்டி

ஜனவரி 9

காற்று பலமாக அடிக்கிறது, பசை சீக்கிரம் காய்கிறது. பதினெட்டு அங்குல ஸ்பீக்கர் வந்துவிட்டது. கூட வந்த தாளில் நூற்றெழுபது லிட்டர் பெட்டி போதும் என்று போட்டிருக்கிறது. போதுமா? வில்ஃப்ரீதோ தன் பிக்கோ என்கிற பாட்டு செட்டுக்கு அலமாரி அளவில் பெட்டிகள் செய்து தெருத்தெருவாக ஆட்டம் நடத்துகிறான். பக்கத்தில் நான் சின்னதாக ஒன்றை வைத்தால் பர்ரான்கியா ஊர் முழுக்கச் சிரிக்கும். நானூறு என்று முடிவு செய்தேன். முகப்பில் நான் வரையும் புலியும் வாலோடு முழுசாக நிற்கும்.

என் மனைவி யாமிலே, தைத்துக்கொண்டிருந்த கார்னிவல் துணிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து, தையல் சாக்குக்கட்டியால் கூடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"இந்தப் பக்கம் உன் பெட்டி. அந்தப் பக்கம் என் மிஷின். கோட்டத் தாண்டுச்சுன்னா நான் இங்க இருக்கமாட்டேன்."

தலையாட்டினேன்.

ஜனவரி 14

பெட்டி கோட்டைத் தாண்டிவிட்டது. ஒரு சாண்தான்.

ஜனவரி 15

ஒரு சாண்தானே என்று அவளிடமும் சொன்னேன். அவள் தம்பி ஆர்ஹெமீரோ வண்டி கொண்டுவந்து மிஷினையும் துணிமூட்டைகளையும் ஏற்றினான். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் ஆறினால் வருவாள். வராமல் எங்கே போவாள்?

ஜனவரி 18

காற்றுத்துளைக்குக் குழாய் பொருத்திப் பாட்டைப் போட்டேன். சத்தம் இருக்கிறது, இறுக்கம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, அந்தக் கோன், வெளியே துள்ளிக்கொண்டு வருகிறது. பெட்டிக்குள் காற்று அதிகம், அது கோனைப் பிடித்து நிறுத்தவில்லை. இப்படியே ஓட்டினால் முதல் ஆட்டத்திலேயே கிழியும். தாளில் போட்டிருந்தது சரிதான்.

கடையில் வாங்கிய மரவள்ளி உருண்டையை நின்றபடியே தின்றேன். கூடம் இவ்வளவு பெரிதா?

ஜனவரி 20

அவள் விட்டுப்போன கத்தரிக்கோலை எடுத்துப்போக ஆர்ஹெமீரோ வந்தான். பெட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், பெட்டி கட்டுனியா, இல்ல எங்கக்கா இடத்துல வேற ஆளக் குடிவச்சியா?"

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னான். அவள் தனியாக வாடகைக்கு அறை பார்த்துவிட்டாளாம். திங்கட்கிழமை சாவி வாங்குகிறாளாம்.

அறையா? ஒரு சாணுக்கா இவ்வளவு? — இல்ல. சாணுக்கு இல்ல. தலைய ஆட்டினேனே, அதுக்கு.

ஜனவரி 21

பெட்டியை அறுத்தேன். நூற்றெழுபது லிட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் மிச்சம். புலிக்கு வால் போயிற்று.

ஜனவரி 23

பெட்டி சிறுத்தால் அதே சுருதிக்குக் குழாய் நீள வேண்டும். சோம்பேறித்தனமாகப் பழைய குழாயையே செருகினேன். சுருதி மேலே ஏறி, எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ஊளை. நீளமாக வேறொன்று வெட்டினேன். தரையில் கிடந்த அவளுடைய சிவப்பு ரிப்பனைத் துளை வாயில் ஒட்டிவிட்டு, ஒரு சோதனைச் சுரத்தைப் போட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். நாற்பது ஹெர்ட்ஸில் கோன் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. ரிப்பன் மட்டும் படபடவென்று பறந்தது. அதுதான் இடம். அங்கே துளையின் காற்றுதான் வேலை முழுவதும் செய்கிறது, ஸ்பீக்கர் சும்மா நிற்கிறது.

யாமிலே இருந்திருந்தால், "உன்ன மாதிரியே" என்றிருப்பாள்.

அவள் இல்லாமல் நன்றாக இல்லை. எழுதிவிட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய், வந்து அளந்து பார் என்று மட்டும் சொன்னேன். டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அளந்தாள். வாலில்லாத புலியைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மிச்சம் இருக்கிற இந்த ஒரு முழம் யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு அந்தப் பக்கம் இருக்கு. இங்க ஒரு ஸ்டூலப் போடு. நீ உக்காரு."

பிப்ரவரி 7, சனி

தெருமுனையில் ஆட்டம். வில்ஃப்ரீதோவின் பெட்டிகளுக்குப் பக்கத்தில் என்னுடையதை ஆர்ஹெமீரோ கொண்டுபோய் வைத்திருக்கிறான். இங்கே ஜன்னல் கம்பி அதிர்கிறது. அடி இறுக்கமாக விழுகிறது. அளவைப் பார்த்து யாராவது சிரித்தார்களா, தெரியாது. நான் போகவில்லை.

அடுத்த வாரம் கார்னிவல். இரண்டு பாவாடைகளுக்கு இன்னும் ஜிகினா வைக்க வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மிஷினிலிருந்து யாமிலே சொல்கிறாள், நான் வைத்த வரிசை கோணலாம், பிரித்து மறுபடி தைக்க வேண்டுமாம். தலையாட்டினேன்.

பிரித்துக்கொண்டிருக்கிறேன்.