யார் மனசாவது புண்பட்டிருந்தால்

மாமா,

இன்று காலை வெள்ளானூர் மைதானத்தில் மைக் கட்டினார்கள். ஒலிபெருக்கிக் குழாய் கீச்சென்று கத்தி அடங்கியதும் உங்கள் குரலுக்காகக் காது காத்திருந்தது. வேறு யாரோ பேசினார்கள். உங்கள் நினைவாகக் கால்பந்துக் கோப்பை நடத்துகிறார்களாம். அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

வேலை போனபின் அப்பா வெளியே போன ஒரே இடம் நீங்கள் மைக்கில் காமெண்ட்ரி சொல்லும் ஞாயிறு மேட்ச்தான். நீங்களே நாற்காலி போட்டு வைப்பீர்கள். வீட்டில் முதல்முறை அவருக்கு வலிப்பு வந்தபோது அம்மா சாவிக்கொத்தைக் கையில் திணித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த நீங்கள் அதைப் பிடுங்கி எறிந்தீர்கள். "இரும்புலாம் வாணாம்கா, காத்து வுடுங்க." அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் உங்கள் கையைக் கொடுத்து, வலிப்பு நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலைக்குப் போக, அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தினேன். அவருக்கு வலிப்பு என்று வெளியில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு ஆட்டத்தில் ஒரு பையன் கால் தடுக்கி விழுந்து, ஃபவுல் கேட்டுப் புரண்டான். மைக்கில் நீங்கள் சொன்னீர்கள்: "இன்னாபா இவன், வலிப்பு வந்தவன் மாதிரி இழுத்துக்கினு கீறான். யாராச்சும் சாவி குடுங்கப்பா."

மைதானமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

அதை யாரோ எடுத்த வீடியோ எல்லா போனுக்கும் போனது. தப்பு என்றார்கள் சிலர். காமெண்ட்ரி என்றால் அப்படித்தான் என்றார்கள் பலர். அப்பா மைதானம் போவதை நிறுத்தினார். உங்கள் வாசலில் வந்து நின்றேன். நான் வாய் திறப்பதற்குள் நீங்களே சொன்னீர்கள்: "வாய் தவறிடிச்சுமா. வர்ற ஞாயித்துக்கெழம மைக்லயே தப்புன்னு சொல்றேன். அப்பாவ இட்டுகினு வா."

நம்பி, அவரைக் கெஞ்சி அழைத்து வந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னது இதுதான்: "யார் மனசாச்சும் புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. இப்பல்லாம் ஒரு ஜோக்கு அடிக்க முடியல." கைதட்டினார்கள்.

யார் மனசு என்று உங்களுக்குத் தெரியாதா மாமா? உங்கள் மேசைக்கு நேர் எதிரேதானே உட்கார்ந்திருந்தார்.

பாதி ஆட்டத்தில் அப்பா, "போலாம்மா" என்றார்.

மழைக்காலம் வருவதற்குள் நீங்கள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். தெருவே அழுதது. எனக்கு அழுகை வரவில்லை. உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை.

இன்று ஜன்னலைச் சாத்திய சற்று நேரத்தில் அப்பாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. அம்மா இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். வெளியே கோல் விழுந்து கூட்டம் கத்தியது. மரத்துப்போன பிறகும் கையை எடுக்கவில்லை.

கையை அப்படி வைக்க உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அது நிற்கும்வரை காதில் ஓடிய 'சாவி குடுங்கப்பா'வும் உங்களுடையதுதான், மாமா.