சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு

இண்டூர்,
18-02-2026.

அன்புள்ள மாமாவுக்கு,

கலைமணி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் பாப்பாவும் நலம். அங்கே பனி அதிகம் என்றீர்கள், காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போங்கள். போனில் நான் எதையாவது கேட்க ஆரம்பித்தால், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. அதற்கும் லீவு இல்லை என்று நீங்கள் வராததால், கொள்ளி வைத்த உங்கள் சித்தப்பா மகன் மாதேசே எல்லாவற்றையும் செய்தான். பாப்பாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை.

நீங்கள் புனே போன புதிதில் கம்பெனியின் லீவு லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள். அப்பா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதில் குடி பாட்வா என்று நமக்குத் தெரியாத பண்டிகை இருந்தது, பொங்கல் இல்லை. புது ஆட்களுக்கு இருநூற்று நாற்பது நாள் முடிந்தால்தான் சம்பளத்தோடு லீவு என்றும் சொன்னீர்கள். பொங்கலுக்கு நீங்கள் வராதபோதுகூட அப்பா குறை சொல்லவில்லை. "சனவரி இருபத்தாறு அங்கயும் லீவுதானே? ஞாயித்துக்கெழமையும் சேந்து வருது. அப்ப வந்துருவான்" என்றார்.

அதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். உடனே உங்களுக்குப் போன் செய்தேன். இரண்டு நாளும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள், புது ஆட்களை விடமாட்டார்கள் என்றீர்கள். அப்பாவிடம் சொன்னேன். "மொத வருசம். கெட்ட பேரு வாங்கக் கூடாது. செல்வனைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்றார். அவர் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. திங்கட்கிழமை சாயங்காலம் வரை மூச்சு இருந்தது. வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

நேற்று அத்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது, உங்களோடு வேலை செய்யும் பொம்மிடிக்காரன் சரத் துக்கம் கேட்க வந்திருந்தான். குழந்தைக்குக் காது குத்து என்று, சம்பளம் இல்லாத லீவில் வந்திருக்கிறான். அவனும் உங்களோடு ஒரே நாளில் சேர்ந்தவன்தானே, எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். சூப்பர்வைசர் முணுமுணுத்தாராம், அவ்வளவுதானாம். பிறகு சொன்னான்: "அந்த ரெண்டு நாளும் எல்லாருக்கும் லீவுதாங்க அண்ணி. டபுள் சம்பளம்னு வேலைக்கு வர செல்வண்ணனாத்தான் பேரு குடுத்தாரு. அப்பாவுக்கு முடியலன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

எனக்கு இது தெரியாது என்று புரிந்ததும், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

நீங்கள் காரியச் செலவுக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான் என்று இப்போதுதான் புரிகிறது. ஊரே உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டது.

முன்பு ஓசூர் கம்பெனியில் மூன்று நாள் லீவு போட்டதற்கு உங்களை வேலையை விட்டு எடுத்தார்கள். அந்தப் பயம் எனக்கும் தெரியும். கேட்கப் பயமாக இருக்கிறது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நானே, வேலை போனால் போகட்டும், கிளம்புங்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்காத லீவைத் தரவில்லை என்றீர்கள். அந்தப் பொய்யை என் வாயால் அப்பா காதில் போட வைத்தீர்கள். அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு இன்னும் தெரியாது. வருகிறவர்களிடமெல்லாம், "கம்பெனிக்காரன் வுடல. எம் புள்ள அழுதுக்கிட்டேதான் வேல செஞ்சிருப்பான்" என்று உங்களுக்காகப் பேசுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன்.

இன்னொருவர் வந்து சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும், நீங்களே வந்து உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அத்தை அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். அதன் பிறகு சோறு போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
கலைமணி