கிள்ளான் ஆற்றைக் குடித்த பஞ்சுராஜன்

கிள்ளான்,
ஞாயிறு காலை.

அன்புள்ள சுகுமாறன் அண்ணனுக்கு,

தங்கை லோகேஸ்வரி எழுதுவது. பெர்த்தில் நீயும் சந்திரகலா அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. இங்கும் சுகமே என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்கள், தாங்கள் என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை, வீட்டில் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுகிறேன்.

தம்பிக்காகப் பரிந்து பேசினேன் என்று என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். நல்லா இரு. உன் விலாசத்தை மலர் சித்தியிடம் கெஞ்சித்தான் வாங்கினேன், அவரைத் திட்டாதே. கடிதத்தைக் கிழிப்பதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நம் தம்பி ஜீவனுக்கு இனிப்புநீர் நோயால் இரண்டு கண்ணும் போய்விட்டது. சிறுநீரகமும் போய், டயாலிசிஸில்தான் காலம் ஓடிக்கொண்டிருந்தது. இனி அதையும் அவன் இதயம் தாங்காதாம். வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தமென்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் வீட்டு ஹாலில் கட்டில் போட்டிருக்கிறேன். கால்கள் நீர் கோத்துத் தூண் மாதிரி கிடக்கின்றன, தானாக எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

என்னடா வேண்டும் என்று கேட்டேன். நாசி லெமாக் கேட்பான், டுரியான் கேட்பான் என்று பார்த்தால், துரைக்குப் பஞ்சுராஜன் புத்தகம் வேண்டுமாம்! வெள்ளம் வருகிற புத்தகம். நான் வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

ஞாபகம் இருக்கிறதா உனக்கு? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் ஒரே பாயில் மூவரும் குப்புறப் படுத்துப் படிப்போமே, மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த படக்கதைப் புத்தகம். நீ எப்போதும் வஜ்ரன். மலையைப் பெயர்ப்பவன், அட்டையில் நிற்பவன். நான் மின்னல்கொடி. கடைக்குட்டிக்கு மிச்சமாகக் கிடைத்தவன் பஞ்சுராஜன். ஐயோ, அவனும் ஒரு வீரன்! பறக்க வராது, அடிக்க வராது. யார் அடித்தாலும் வாங்கிக்கொள்வான், அவ்வளவுதான் அவன் சக்தி. தண்ணீர் பட்டால் கனத்துப் போவான். எனக்கு அவனைப் பார்த்தாலே சிரிப்பு. ஜீவனுக்கோ அவன்தான் உயிர். ஊசி குத்தினால் பஞ்சுராஜனுக்கு வலிக்காது என்று சொல்லிச் சொல்லித்தான் கிளினிக்குக்கே வருவான்.

திடீரென்று ஒரு மாதம் புத்தகத்தில் பஞ்சுராஜன் இல்லை. செத்தான் என்றும் போடவில்லை, எங்கேயோ போனான் என்றும் போடவில்லை. அடுத்த மாதமும் காணோம். ஜீவன் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். அப்போது நீதான் சொன்னாய், பஞ்சுராஜனுக்கு இப்போது தனிப் புத்தகம் வருகிறது, கடைக்காரர் வெளியே தர மாட்டேன் என்கிறார், கடையிலேயே நின்று படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று. வாராவாரம் சொன்னாய். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

அந்தப் புத்தகத்தைத் தேடித்தான் அலைந்தேன். பிரிக்பீல்ட்ஸ் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். ரவாங்கில் நாகையா என்று ஒருவர் பழைய படக்கதைகள் சேர்த்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். வீடு முழுக்க வஜ்ரன்தான். பஞ்சுராஜன் கிள்ளான் ஆற்று வெள்ளத்தைக் குடித்து நம் குவாட்டர்ஸைக் காப்பாற்றிவிட்டு, கனம் தாங்காமல் எழுந்திருக்க முடியாமல் கிடப்பானே, அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். மனுஷர் சிரித்துவிட்டார். “என்னா லா அக்கா, மெட்ராஸ்ல உக்காந்து படம் வரையிறவனுக்கு நம்ம கிள்ளான் ஆறு எங்க தெரியும்? பஞ்சுராஜன் கொஞ்சம் புக்குலதான் வந்தான். அவன யாரும் கேக்குறதே இல்ல” என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடப்பாவி அண்ணா, அத்தனையும் உன் கைச்சரக்கா! தம்பி அழக்கூடாது என்று வாராவாரம் இட்டுக்கட்டியிருக்கிறாய். வெள்ளக் கதையைப் பாதியில் விட்டுவிட்டுத்தானே வேலைக்கென்று சிங்கப்பூர் போனாய்? எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் ரவாங்கிலேயே போய்விட்டது, போ.

வீட்டுக்கு வந்து, புத்தகம் கிடைக்கவில்லையடா என்று மட்டும் சொன்னேன். அவன் மெதுவாகச் சிரித்தான். “கெடைக்காதுக்கா. அப்படி ஒரு புக்கே கெடையாது. சின்னப் புள்ளையிலயே தெரியும். நான் தனியாப் போயி கடை அங்கிள்கிட்ட கேட்டேன். வரலையேன்னாரு. வீட்ல சொன்னா கதை சொல்றவரு நிறுத்திருவாருன்னு சொல்லல” என்றான்.

பிறகு ஏன்டா என்னை ரவாங் வரைக்கும் அலைய விட்டாய் என்று கத்தினேன். கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது.

அம்மா போன அன்று உன் விமானம் தாமதமானது. நேரம் தாண்டக்கூடாது என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று அவன் கையில் நெருப்பைக் கொடுத்தார்கள். அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும் என்று அழுதுகொண்டேதான் வைத்தான். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தம்பியைப் பார்த்து, அம்மா முகத்தைப் பார்க்க விடாமல் செய்துவிட்டாய், இனி உன் வாயில் என் பேர் வரக்கூடாது என்று சுடுகாட்டு வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னாய். நீ அதை எப்போதோ மறந்திருப்பாய். அவன் அப்படியே பிடித்துக்கொண்டான். கண் போனபோதும் உன் பேரைச் சொல்லவில்லை. போன வாரம் மூச்சு முட்டியபோதும் சொல்லவில்லை. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு உன்னைக் கேட்க வேறு வழி தெரியாமல் புத்தகத்தைக் கேட்டிருக்கிறான், அண்ணா.

உன்னை வரச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வந்தால் காலில் விழுவேன். வர முடியாவிட்டால் என் நம்பரையாவது திறந்துவிடு. போனை அவன் காதோரம் நான் பிடித்துக்கொள்கிறேன். கதை சொல்ல வந்தால் சொல், திட்ட வந்தால் திட்டு. ஆனால் சீக்கிரம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். உன் வீட்டில் ஒரு குறையும் வராமல் அந்த முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஜீவன் பதில் பேசவில்லையே என்று போனை வைத்துவிடாதே. நேற்றிலிருந்து அவனுக்குப் பேச மூச்சு இல்லை. காது மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கிறது.

உன் தங்கை,
லோகேஸ்வரி