காகிதக் குதிரைக் கடைக்கு அடுத்த வீடு

ஹெங்ஹெங்கின் அப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன். குழந்தை நன்றாக இருக்கிறான், தூங்குகிறான்.

சாவுக்கு எரிக்கும் காகிதக் குதிரைகள் செய்கிற தூ அக்காவின் கடைக்குப் பக்கத்தில் இவன் வளரக் கூடாது என்று உங்களை நச்சரித்தவள் நான்தான். இதே ஊரில் அந்தக் காலத்து ஞானி மெங்சி ஆசானின் அம்மா, மகன் சாவுச் சடங்கு செய்து விளையாடுகிறானே என்று மயானத்துப் பக்கமிருந்து வீடு மாறினாளே என்றேன். நம் பிள்ளையும் ஒப்பாரி வைத்து விளையாடினான். "கூலிக்கு அழறவங்க இவங்கிட்ட தோத்தாங்க போ!" என்று அக்கா சிரித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்று மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தின் விளிம்புக்கே போய்விட்டான். அக்கா கையிலிருந்த குதிரையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அவள் முழங்கையெல்லாம் ரத்தம். குதிரை சேற்றில் கிடந்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நன்றியெல்லாம் இருக்கட்டும்மா. நாளைக்குக் குதிரைய குடுக்கணும், வந்து ஒரு கால ஒட்டிக் குடு" என்றாள்.

ஒட்டும்போதுதான் ஆசான் சொன்னது நினைவுக்கு வந்தது. கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டு பதறுகிறவர் பெற்றவர்களின் தயவை எண்ணிப் பதறுவதில்லை. தன் கடை பக்கத்தில் இருப்பதால்தான் நாம் வீடு மாறப்போகிறோம் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் ஓடினாள்.

ஆசானின் அம்மா தேடியது இப்படி ஓர் அடுத்த வீட்டைத்தான் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகனின் அம்மா